பி0171: ஒக்சிஜன் சென்சரை இப்ப மாத்தாதீங்க

தம்பி, கல்முனையில உங்கட டொயோட்டா அக்ஸியோ காருக்கு பி0171 (பெற்றோல்-காற்றுக் கலவையில காற்று கூடிட்டு என்ற எரர் கோட்) வருது, கராஜில ஒக்சிஜன் சென்சரை மாத்தச் சொல்றாங்க என்று எழுதியிருந்தீங்க. காசை வீணாக்காதீங்க. கலவையில காற்று கூடிட்டு என்று காட்டிக் கொடுக்கிறதே அந்தச் சென்சர்தான்.

ஸ்கேனரில லோங் டேர்ம் ஃபியுவல் ட்ரிம் (எஞ்சின் கம்ப்யூட்டர் பெற்றோலை எத்தனை வீதம் கூட்டுது, குறைக்குது என்ற கணக்கு) பாருங்க. ஐட்லிங்கில +20% அளவில நின்று, 2500 ஆர்பிஎம்மில +5%க்கு இறங்கினா, கணக்கில் வராத காற்றை எங்கேயோ இழுக்குது. பிசிவி ஹோஸையும் (எஞ்சினுக்குள்ள சேர்ற வாயுவைத் திரும்பக் காற்றுப் பாதைக்குக் கொண்டுபோற குழாய்), எயார் ஃபில்டர் பெட்டியில இருந்து த்ரொட்டிலுக்குப் போற ரப்பர் குழாயின்ட மடிப்புகளையும் விரிச்சுப் பாருங்க. வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கம்தான் ஒளிஞ்சிருக்கும்.

ரேஸ் பண்ணப் பண்ண ட்ரிம் ஏறினா, எம்ஏஎஃப் சென்சரில (எஞ்சினுக்குள்ள போற காற்றை அளக்கிற சென்சர்) அழுக்கு, இல்லாட்டி பெற்றோல் பிரஷர் குறைவு. முதல்ல எம்ஏஎஃப். அதுக்குரிய கிளீனர் மட்டும் அடிங்க, கார்ப் கிளீனர் வேண்டாம். சென்சருக்குள்ள இருக்கிற கம்பியைத் தொடாம, நல்லாக் காய்ஞ்ச பிறகு பூட்டுங்க. ஸ்கேனரால பி0171ஐ அழிச்சு ரெண்டு நாள் ஓடிப் பாருங்க. ட்ரிம் ±10%க்குள்ள நின்றா சரி.