ஸ்பிரேவால்டைப் படகில் மட்டும் பார்த்தால் போதுமா?

பெர்லினில் வேலை, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், சனி ஞாயிறில் பெர்லினுக்குத் தென்கிழக்கே ஓடைகள் நிறைந்த ஸ்பிரேவால்ட் பகுதிக்குப் போக ஆசை, ஆனால் படகுச் சவாரி மட்டும் போதுமா, சைக்கிள், நடை எல்லாம் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: அவர்களுக்குப் படகு போதும், உங்களுக்குப் போதாது. நான் கோட்புஸில் படித்தவன், அங்கிருந்து இந்த இடம் ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. கையில் காசு இல்லாத மாணவனுக்கு ஞாயிற்றுக்கிழமையில் போக்கிடம் என்றால் அதுதான். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஆலப்புழை ஹவுஸ்போட் மாதிரி எதையாவது மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இங்கே பெரிய காயல் கிடையாது, அகலமான நீர்ப்பரப்பே கிடையாது. கோட்புஸைத் தாண்டியதும் ஸ்பிரே ஆற்றுக்குச் சரிவு ஏறக்குறைய இல்லாமல் போய்விடுகிறது, அதனால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நூற்றுக்கணக்கான ஓடைகளாகப் பிரிந்து தாழ்நிலம் முழுக்கப் பரவி, லூப்பென் ஊருக்குப் பக்கத்தில் மறுபடி ஒன்று கூடுகிறது. பனியுகம் விட்டுப்போன பள்ளம் இது. ஓடைகளையும் வாய்க்கால்களையும் கூட்டினால் 1,500 கிலோமீட்டருக்கு மேல் வரும் என்கிறார்கள், அதில் ஒரு பகுதி இயற்கை, மீதி புல்லுக்கும் பயிருக்கும் நிலத்தை வடியவைக்க மனிதர் வெட்டியது. 1991-இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. காப்பகம் என்றாலும் உள்ளே ஊர்கள் இருக்கின்றன, வயல் இருக்கிறது, ஆட்கள் வாழ்கிறார்கள். சோர்பியர் என்ற சிறுபான்மை ஸ்லாவிய மக்களின் நிலம் என்பதால் ஊர்ப்பலகைகள் இரண்டு மொழியில் இருக்கும்.

சரி, படகு. பெரும்பாலான சவாரிகள் கிளம்பும் ஊர் லூப்பெனாவ் (மேலே சொன்ன லூப்பென் வேறு ஊர்). அதன் ரயில் நிலையத்தில் இறங்கி நிதானமாக நடந்தால் கால் மணி நேரத்தில் துறைக்குப் போய்விடலாம். படகுகள் தட்டையானவை, நடுவில் மேசை, இரண்டு பக்கமும் பெஞ்சு, மழை வந்தால் கம்பளி. மோட்டார் இல்லை. பின்னால் ஒருவர் நின்றுகொண்டு நீளமான கழியைத் தரையில் ஊன்றி ஊன்றித் தள்ளுவார். ஓடை ஆழமில்லை என்பதால்தான் இது நடக்கிறது. ஏறுவதும் சுலபம், முட்டி வலி உள்ளவர்களையும் கைபிடித்து உட்கார வைத்துவிடலாம். ஆனால் படகில் கழிப்பறை கிடையாது, ஏறுவதற்கு முன்னால் துறையிலேயே அந்த வேலையை முடித்துவிடுங்கள். பெரியவர்களோடு போகும்போது மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

வழக்கமான இரண்டு மணி நேரச் சவாரி லேடே என்ற சின்ன ஊருக்குப் போய்த் திரும்பும். 1929 வரை அந்த ஊருக்குச் சாலையே இல்லை. பள்ளிக்கூடம், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் படகுதான். அதனால் படகில் போகும்போதுதான் அந்த ஊரின் வாசல் பக்கத்தைப் பார்க்கிறோம், சாலை வழியாகப் போனால் கொல்லைப்புறமாக நுழைந்த மாதிரி இருக்கும். வீட்டுக்கு வீடு படித்துறை, படகு நிறுத்த ஒரு கொட்டகை, தண்ணீரைப் பார்த்தபடி தபால் பெட்டி. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே தபால் இன்றும் படகில்தான் வருகிறது, 1897-இல் ஆரம்பித்த வழக்கம். குப்பை எடுப்பதும் படகில்தான். மரத்துண்டுகளை அடுக்கிக் கட்டிய பழைய வீடுகளின் கூரை முகட்டைப் பாருங்கள், கிரீடம் வைத்த இரண்டு பாம்புத் தலைகள் குறுக்காக நிற்கும். வீட்டைக் காக்கும் நாகராஜா கதை அங்கேயும் உண்டு. அம்மாவிடம் காட்டுங்கள், அப்புறம் அவர்களே கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

இடையில் நிறுத்தும் இடங்களில் வெள்ளரிக்காய் ஊறுகாய் விற்பார்கள், சதகுப்பைக் கீரை (டில்) போட்டது, கடுகு போட்டது, மிளகு போட்டது என்று. 1999 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு உள்ள சரக்கு. நல்லதுதான், ஆனால் ஆவக்காய் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது ஊறுகாய்க் கணக்கிலேயே வராது. அவர்கள் சைவம் என்றால் வேகவைத்த உருளைக்கிழங்கு, குவார்க் என்ற கெட்டித்தயிர் மாதிரியான பால்கட்டி, மேலே ஆளிவிதை எண்ணெய் என்று ஒரு தட்டு கிடைக்கும். அந்த ஊர்க்காரர்கள் நிஜமாகவே வீட்டில் சாப்பிடுவது அது.

இவ்வளவும் சொன்ன பிறகு குறையையும் சொல்ல வேண்டும். கோடைச் சனிக்கிழமை மதியம் லூப்பெனாவில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிப் போகும், முன்படகில் பீர் குடித்துப் பாடுகிறவர்கள் உங்களுக்கும் சேர்த்தே பாடுவார்கள். காலை முதல் படகைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் லூப்பென், பூர்க், ஸ்லெப்சிக் ஆகிய ஊர்களிலிருந்து கிளம்புங்கள், அங்கே நெரிசல் குறைவு. கையில் தெம்பிருந்தால் துடுப்புப் படகை வாடகைக்கு எடுப்பது இன்னும் மேல், ஏனென்றால் சிறிய மதகுகளை நீங்களே இயக்கிப் பழகலாம். படகை உள்ளே விட்டு, பின்கதவைச் சாத்தி, பலகையைத் தூக்கும் கைப்பிடியைச் சுற்றினால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அடுத்த ஓடையின் மட்டத்துக்கு வரும், அப்போதுதான் முன்கதவு அசைந்து கொடுக்கும். அதற்கு முன் எவ்வளவு தள்ளினாலும் அசையாது. சில இடங்களில் பள்ளிப் பிள்ளைகள் நின்று இதைச் செய்துவிட்டுக் கை நீட்டுவார்கள். சில்லறை வைத்திருங்கள்.

சைக்கிளுக்கு வருகிறேன். வெள்ளரிக்காய்ச் சைக்கிள் பாதை என்று 260 கிலோமீட்டர் சுற்றுப் பாதை ஒன்று இருக்கிறது, வழிகாட்டிப் பலகையில் ஒரு வெள்ளரிக்காய் சிரித்துக்கொண்டே சைக்கிள் ஓட்டும். முழுவதும் ஓட்ட வேண்டியதில்லை. லூப்பெனாவிலிருந்து லைப்பெ வழியாக பூர்க் வரை, ஒரு 15 கி.மீ. சொச்சம், அது போதும். மேடே இல்லை. ஆனால் கழி ஊன்றி நிற்கிறவரின் தலை இடிக்காமல் படகு போக வேண்டும் என்பதற்காக மரப்பாலங்களை உயரமாக வளைத்துக் கட்டியிருக்கிறார்கள், பலவற்றில் படிக்கட்டு இருக்கும், இறங்கித் தள்ளித்தான் ஆக வேண்டும். கனமான மின்சாரச் சைக்கிளை வாடகைக்கு எடுத்தால் முதல் பாலத்திலேயே வருத்தப்படுவீர்கள்.

சைக்கிளில் கிடைப்பது படகில் தெரியாத வயல்வெளி. ஜூலை, ஆகஸ்டில் போனால் வெள்ளரி அறுவடையைப் பார்க்கலாம், இதற்காகவே ஒரு தடவை போகலாம் என்பேன். டிராக்டரின் இரண்டு பக்கமும் விமானத்துக்கு இருப்பதுபோல் நீளமான இறக்கை, அதன் மேல் வரிசையாக ஆட்கள் குப்புறப் படுத்திருப்பார்கள், கை மட்டும் கீழே தொங்கும். வண்டி நடக்கிற வேகத்தைவிட மெதுவாக நகர, இலையை விலக்கி விலக்கிக் காய்களைப் பறித்து முன்னால் ஓடும் பட்டையில் போட்டுக்கொண்டே போவார்கள். பெரும்பாலும் போலந்து, ருமேனியாவிலிருந்து பருவ வேலைக்கு வந்தவர்கள். நாள் முழுக்க அப்படிப் படுத்துக் கிடந்தால் கழுத்து என்ன ஆகும் என்று நினைத்தால், நாலு யூரோ ஊறுகாய் அவ்வளவு விலையாகத் தோன்றாது. புல்வெளிகளில் காய்ந்த புல் போர் வேறு, நடுவில் ஒரு நெட்டைக் கம்பம் நட்டு, அடியில் ஈரம் ஏறாமல் கட்டைகளைப் பரப்பி, கம்பத்தைச் சுற்றிச் சுற்றி அடுக்கியிருப்பார்கள். இப்போது பாதிக்கு மேல் காட்சிக்குத்தான் வைக்கிறார்கள் என்று தோன்றுகிறது, இருந்தாலும் அழகு.

நடை என்றால் ஒரே ஒரு பாதையைச் சொல்வேன். லூப்பெனாவிலிருந்து வோட்சோஃப்ஸ்கா என்ற பழைய விடுதிக்குப் போகும் காட்டுப்பாதை. 1894-இல் ஆல்டர் மரங்களுக்கு நடுவே ஒரு தீவில் கட்டியது, போக ஒரு மணி நேரம் ஆகும். இது சதுப்புநிலம் என்பது கால் வைத்து நடந்தால்தான் உறைக்கிறது. பாதையின் இரண்டு பக்கமும் ஆல்டர் மரங்கள் தண்ணீரிலேயே நிற்கும், அடிமரம் வேர்களின் மேல் கொஞ்சம் தூக்கி வைத்த மாதிரி இருக்கும், அழுகிய இலையால் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். மீன்கொத்தி வரும், நின்று பார்க்க முடியாது, ஏனென்றால் நின்றால் கொசு. நீளமான காற்சட்டை போடுங்கள், இரவு உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று உடம்பைப் பாருங்கள். உண்ணி மூலம் மூளைக்காய்ச்சல் பரவும் பகுதி இது, தடுப்பூசி இருக்கிறது. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டீ நிறம் வேறு, துரு நிறம் வேறு. தெற்குப் பக்க ஓடைகள் சிலவற்றில் தண்ணீர் செங்காவியாக இருக்கும், அது இலையால் வந்ததல்ல. பக்கத்தில் லவுசிட்ஸ் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள். தோண்டிப்போட்ட மண்ணில் உள்ள இரும்புக் கந்தகம் காற்றுப் பட்டு மாறி, சுரங்கம் மூடியபின் நிலத்தடி நீர் ஏறும்போது அதில் கரைந்து ஓடைக்கு வந்து சேற்றுப் படலமாகப் படிகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. சுரங்கத்தை உலர வைக்க இறைத்த தண்ணீர் நூறு வருடத்துக்கும் மேலாக ஸ்பிரேயில்தான் விழுகிறது. ஜெர்மனி 2038-க்குள் நிலக்கரியை நிறுத்தினால் அந்த வரத்தும் குறையும், வறண்ட கோடையில் இந்த ஓடைகளுக்கு எங்கிருந்து தண்ணீர் வரும் என்பதுதான் அங்கே இப்போதைய பேச்சு. சுரங்கம் கெடுத்தது, அதே சுரங்கம்தான் தண்ணீரும் கொடுத்தது. படகுக்காரர் ஜெர்மனில் சொல்லும் ஜோக் புரியாவிட்டால் பரவாயில்லை, இதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், ஆள் வேறு மாதிரி பேசுவார்.

ஆக, சனி காலை அப்பா அம்மாவோடு படகு, லேடேயில் பழைய வீடுகளைக் காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகம், மதியச் சாப்பாடு. அவர்களை அறையில் ஓய்வெடுக்க விட்டுவிட்டு மாலையில் நீங்கள் மட்டும் வோட்சோஃப்ஸ்கா வரை நடங்கள். ஞாயிறு காலை சைக்கிள். பெர்லினிலிருந்து சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், கோடை ஞாயிறு மாலைத் திரும்பும் ரயிலில் ஆள் நிற்கவே இடம் இருக்காது, அங்கேயே வாடகைக்குக் கிடைக்கிறது. டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்க உள்ளூர் ரயில், பஸ்களில் செல்லும் மாதச் சீட்டு) இருந்தால் போகவர அதுவே செல்லும், சைக்கிளுக்குத்தான் தனி டிக்கெட். மே மாதக் கடைசி அல்லது செப்டம்பர் என்றால் கொசுவும் கூட்டமும் கொஞ்சம் குறைவு. வெள்ளரி அறுவடைதான் பார்க்க வேண்டும் என்றால் ஜூலையில் போய்க் கொசுக்கடி வாங்கித்தான் ஆக வேண்டும்.