வீட்டு பிபி மெஷினை நாமே காலிபரேஷன் செய்யலாமா?

கேள்வி: வயது 56. வீடு கம்பத்தில், கேரள மலைமேல் உள்ள வண்டன்மேட்டில் ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். தினமும் ஜீப்பில் மேலே போய் வருகிறேன். நான்கு வருடமாக பிபிக்கு அம்லோடிபின் 5 மி.கி. மாத்திரை சாப்பிடுகிறேன். வீட்டு டிஜிட்டல் பிபி மெஷின் 158/94, 162/96 என்று காட்டுகிறது. அதே வாரம் குமுளியில் டாக்டர் பார்த்தபோது 138/84. மெஷினைக் காலிபரேஷன் (அளவைச் சரிபார்த்துத் திருத்துவது) செய்யச் சொல்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கையை விரிக்கிறார்கள். நானே செய்ய வழி உண்டா? மலை ஏறி இறங்குவதால் மெஷின் மாறிக் காட்டுமா? மாத்திரையைக் கூட்ட வேண்டுமா? கை கொஞ்சம் தடிமன், கையில் சுற்றும் பட்டை நுனியில்தான் ஒட்டுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
– வாசகர், கம்பம்

மருத்துவர் பதில்: கடைசியாகப் போகிற போக்கில் ஒன்று சொன்னீர்களே, பட்டை நுனியில்தான் ஒட்டுகிறது என்று, முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். மெஷினோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. தையல்காரரின் டேப்பை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையைச் சுற்றி அளந்து பாருங்கள். 32-ஐத் தாண்டினால் அந்தப் பட்டை உங்களுக்கு ஆகாது. உள்ளே இருக்கும் காற்றுப் பை கையை முக்கால்வாசிக்கு மேல், ஏறக்குறைய 80 சதவீதம், சுற்றி வர வேண்டும். பை சிறிதாக இருந்தால் ரத்தக்குழாயை அழுத்தி மூட அதிகக் காற்று தேவைப்படும். மெஷின் அதையே உங்கள் பிபி என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும். இதனால் மட்டுமே 5 புள்ளியிலிருந்து 20 புள்ளிவரை கூடுதலாகக் காட்டலாம். உங்கள் மெஷினுக்கும் டாக்டருக்கும் உள்ள வித்தியாசமும் ஏறத்தாழ 20-தானே. 22–42 அல்லது 32–42 செ.மீ. என்று அச்சிட்ட பெரிய பட்டையை, உங்கள் மாடலுக்கு உரியதாகப் பார்த்து வாங்குங்கள். வேறு கம்பெனிப் பட்டை செருகுவதற்குப் பொருந்தினாலும் அளவு பொருந்தும் என்று சொல்ல முடியாது.

காலிபரேஷன் விஷயம். வீட்டில் வைத்துச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். மெஷினைப் பிரித்தால் திருகிச் சரிசெய்ய உள்ளே எதுவும் இருக்காது. அழுத்தத்தை உணரும் சென்சாருக்கான திருத்தம் சிப்புக்குள் எண்ணாகப் பதிந்திருக்கிறது. சர்வீஸ் சென்டரிலோ அளவீட்டு ஆய்வகத்திலோ செய்வது இதுதான்: பட்டையைக் கைக்குப் பதில் ஒரு கெட்டியான உருளையில் சுற்றி, குழாயில் டி வடிவ இணைப்பு போட்டு, ஒரு பக்கம் உங்கள் மெஷின், மறுபக்கம் சான்றளித்த அழுத்தமானி. 50, 100, 150, 200 என்று காற்றை ஏற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டும் காட்டுவதை ஒப்பிடுவார்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் (பாதரச மி.மீ., அதாவது பிபி கணக்கில் 3 புள்ளி) இருந்தால் தேறியது. காற்று கசிகிறதா என்றும் பார்ப்பார்கள். நிமிடத்துக்கு 6 மி.மீ.க்கு மேல் இறங்கக் கூடாது.

ஆனால் இந்தச் சோதனையில் தேறிய மெஷினும் உங்கள் கையில் தப்பாகக் காட்டலாம். டிஜிட்டல் மெஷின் டாக்டரைப் போல ஓசை கேட்பதில்லை. காற்று இறங்கும்போது (சில மாடல்களில் ஏறும்போதே) நாடியால் பட்டைக்குள் எழும் சிறு அதிர்வுகளைப் பார்க்கிறது. அதிர்வு உச்சமாக இருக்கும் இடம் சராசரி அழுத்தம். மேல் அளவையும் கீழ் அளவையும் அதிலிருந்து கம்பெனியின் சொந்தக் கணக்குப்படி வரவழைக்கிறது. அந்தக் கணக்கு எல்லோர் கைக்கும் ஒரே மாதிரி ஒத்துவராது. நாடி ஒழுங்கில்லாமல் துடிப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒன்று காட்டும். அதனால் உங்களுக்கு வேண்டியது ஒப்பிட்டுப் பார்ப்பது.

பெரிய பட்டையுடன் மெஷினை டாக்டரிடம் எடுத்துப்போங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, ஒரே கையில், ஒரு நிமிட இடைவெளியில் ஐந்து முறை பார்க்க வேண்டும்: முதல் இரண்டும் உங்கள் மெஷின், மூன்றாவது டாக்டர், நான்காவது மெஷின், ஐந்தாவது டாக்டர். முதல் அளவை விட்டுவிடுங்கள். அது பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். மேல் அளவுகளை மட்டும் எடுத்து, இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் சராசரி போட்டு மூன்றாவதோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் 5-க்குள் என்றால் மெஷின் நல்லது. 6 முதல் 10 வரை என்றால் இன்னொரு கணக்கு: டாக்டரின் இரண்டு அளவுகளின் சராசரியை நான்காவதோடு ஒப்பிட வேண்டும். அது 10-க்குள் வந்தால் வைத்துக்கொள்ளலாம். உதாரணமாக 156, 150, 142, 148, 140 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 150-க்கும் 148-க்கும் சராசரி 149. 142-லிருந்து 7 கூடுதல். அடுத்த கணக்கில் 141-க்கும் 148-க்கும் வித்தியாசம் 7. வைத்துக்கொள்ளலாம். எந்தக் கணக்கிலும் 10-ஐத் தாண்டினால் புது மெஷினுக்குப் போவதே மேல். சாதாரண மெஷின் என்றால் பழுது பார்க்கும் செலவு கட்டுபடியாகாது. வாங்கும்போது, மனிதர்களிடம் சோதித்துத் தேறிய மாடலா என்று இணையத்தில் உள்ள 'ஸ்ட்ரைட் பிபி' (STRIDE BP) பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டாக்டர் வைத்திருக்கும் கருவியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. பாதரசக் கருவிகள் குறைந்து, பல கிளினிக்குகளில் இப்போது இருப்பது முள் ஓடும் டயல் கருவி. ஒருமுறை மேசையிலிருந்து விழுந்தால் போதும், அளவு விலகிவிடும். முள் பூஜ்யத்தில் நிற்கிறது என்பது மட்டும் அதற்கு நற்சான்றிதழ் ஆகாது. 'இதை எப்போது சரிபார்த்தீர்கள்?' என்று கேட்டால் நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மலைக்கு வருவோம். கம்பத்திலும் வண்டன்மேட்டிலும் காற்றழுத்தம் வேறுதான். ஆனால் மெஷின் ஆன் ஆகும்போது சுற்றியிருக்கும் காற்றையே பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் எவ்வளவு என்றுதான் அளக்கிறது. ஆகவே ஏற்றத்தால் அளவு கெடாது. (பட்டைக்குள் பழைய காற்று தங்கியிருந்தால் பூஜ்யமே தப்பும், சுற்றுவதற்கு முன் பட்டையைத் தட்டையாக அமுக்கிவிடுங்கள்.) மெஷின் மாறாவிட்டாலும் உங்கள் பிபி மாறும். கம்பம்மெட்டு வளைவுகளில் ஜீப் குலுக்கல், மேலே உள்ள குளிர், இறங்கியதும் ஒரு ஸ்ட்ராங் டீ, எல்லாமே பிபியை ஏற்றும். இறங்கி அரை மணி நேரம் கழித்து, டீயும் புகையும் இல்லாமல், சிறுநீர் கழித்துவிட்டுப் பாருங்கள். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது. பட்டை கட்டிய இடம் நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். கை 10 செ.மீ. கீழே தொங்கினால் 7, 8 புள்ளி கூடிவிடும். சட்டைக் கையைச் சுருட்டி ஏற்றினால் அதுவே இறுக்கும்; கழற்றிவிடுவது நல்லது.

பேட்டரி நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள், ஆல்கலைன் வகையாக. பம்ப் முக்கினாலோ அடிக்கடி 'எரர்' வந்தாலோ பேட்டரிக்கு அடுத்து குழாய் செருகும் இடத்தைப் பாருங்கள். விரிசல் அங்கேதான் முதலில் விழும்.

மாத்திரை: ஒப்பீடு முடியும்வரை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். பெரிய பட்டையோடு ஏழு நாள் காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு, இரவில் இரண்டு என எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். வீட்டில் பார்க்கும்போது சராசரி 135/85-ஐ எட்டினாலோ தாண்டினாலோ பிபி கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். அந்தத் தாளோடு டாக்டரிடம் போங்கள். இடையில் 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்வு என ஏதாவது ஒன்று இருந்தால் மெஷின் சரியா தப்பா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கேரள எல்லைக்குள் இருந்தாலும் அதே எண்தான்.