மூன்று மாதத்துக்கு மட்டும் பசியைக் குறைக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நிறுத்திய பிறகு எடை திரும்ப ஏறிவிடுமா? நல்ல பழக்கங்களை எப்போது தொடங்குவது?

கொஞ்சம் ஏறத்தான் செய்யும். போனது முழுக்கத் திரும்பி வருமா என்பது அந்த மூன்று மாதத்தில் எந்த மாதிரிப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்த "எந்த மாதிரி" என்ற இடத்தில்தான் நான் கோட்டை விட்டேன், அதனால் அதைப் பற்றியே அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் என் கணக்கு. 94 கிலோவில் டாக்டரிடம் போனேன். பிரஷர் பார்த்தார், இசிஜி எடுத்தார், தைராய்டு பார்த்தார், வேறு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று துருவித் துருவிக் கேட்டார், அதற்கு அப்புறம்தான் ஃபென்டர்மின் என்ற பசி குறைக்கும் மாத்திரையை எழுதினார். 12 வாரம், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று சொல்லித்தான் கொடுத்தார். 12-ஆவது வாரக் கடைசியில் 86.5. நிறுத்திய இரண்டே மாதத்தில் 89. இப்போது நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகப் போகிறது, 87-க்கும் 88-க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருக்கிறது. ஏழரை போய், அரையிலிருந்து ஒன்றரை வரை திரும்பி வந்திருக்கிறது. எனக்கு அதில் புகார் இல்லை.

ஃபென்டர்மின் ஒன்றும் புது மருந்து இல்லை. அமெரிக்காவில் 1959-லேயே அனுமதி வாங்கியது, அதுவும் சில வாரங்களுக்கான குறுகிய காலச் சிகிச்சைக்கு. நரம்பு மண்டலத்தில் நார்எபிநெஃப்ரின் என்ற ரசாயனத்தைக் கூட்டிவிடும், ஆபத்து வந்தால் உடம்பு எப்படி விறுவிறுப்பாக நிற்குமோ அந்த நிலையில் லேசாக உங்களை வைத்திருக்கும். ஓடத் தயாராக நிற்பவனுக்கு எங்கே பசிக்கப் போகிறது? அதே காரணத்தால்தான் வாய் உலர்வது, படபடப்பு, பிரஷர் ஏறுவது, தூக்கம் கெடுவது எல்லாம் கூடவே வருகின்றன. இதய நோய், ஹைப்பர்தைராய்டு (தைராய்டு அதிகமாகச் சுரப்பது), குளுக்கோமா (கண் அழுத்த நோய்) இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது. எனக்கு நாக்கு அட்டை மாதிரி இருக்கும், மலச்சிக்கலும் இருந்தது. ஒரு நாள் காலையில் போட மறந்து சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டுவிட்டு, விடியற்காலை மூன்று மணி வரை கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தேன். மறந்து மதியம் தாண்டிவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள் என்று டாக்டர் அப்புறம் சொன்னார். யாரோ கொடுத்தார்கள், இணையத்தில் கிடைத்தது என்று இதை எல்லாம் வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மாத்திரை ஆரம்பித்த நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, வேலை செய்துகொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்தால், காபி கோப்பைக்குப் பக்கத்தில் தட்டில் பாதி பிஸ்கட் கிடந்தது. கடித்த இடத்தில் காபி ஊறி, காய்ந்தும் போயிருந்தது. சாப்பிட ஆரம்பித்து, பாதியில் அதை மறந்திருக்கிறேன். பிஸ்கட்டை மறப்பது! என் வாழ்நாளில் டப்பாவில் ஒன்று மிச்சம் இருந்தால் அடுத்த அறையில் இருந்தாலும் அது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் கூப்பாடு நின்றுபோயிருந்தது. மற்றவர்கள் எல்லாம் இப்படித்தான் இருக்கிறார்களா, இவ்வளவு அமைதியாகவா என்று ஒரு நிமிஷம் பொறாமையாகக்கூட இருந்தது.

அந்த அமைதியை என் சாதனை என்று எடுத்துக்கொண்டதுதான் நான் செய்த தப்பு. தட்டில் பாதி அளவு போட்டுக்கொண்டேன், இரவு நொறுக்குத் தீனியை விட்டேன், "பசித்தால் மட்டும் சாப்பிடு" என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன், எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நடந்தது. பழக்கம் மாறிவிட்டது, இனி நான் வேறு ஆள் என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லித் திரிந்தேன். ஒரு பழக்கமும் மாறவில்லை. பசி இல்லாதவன் குறைவாகச் சாப்பிடுவதில் பழக்கத்துக்கு என்ன வேலை? மாத்திரைதான் அதைச் செய்துகொண்டிருந்தது, நான் பக்கத்தில் நின்று கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

நிறுத்தி ஒன்பதாவது நாள் இரவு பதினொன்றரை மணிக்கு, ஒரு கையில் டப்பா மூடியைப் பிடித்தபடி நின்றுகொண்டே பதினொரு பிஸ்கட் சாப்பிட்டேன். எண்ணிக்கை ஏன் தெரியும் என்றால் மறுநாள் மிச்சத்தை எண்ணிப் பார்த்தேன். விளக்குகூடப் போடவில்லை. "பசித்தால் மட்டும் சாப்பிடு" என்ற விதியை நான் மீறவும் இல்லை என்பதுதான் வேடிக்கை, உண்மையாகவே பசித்தது.

டாக்டரிடம் போய்ச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "உங்க பசிக்கு மூணு மாசம் லீவு கொடுத்திருந்தோம். லீவு முடிஞ்சு வேலைக்கு வந்திருக்கு. அவ்வளவுதான்" என்றார். அதோடு, எடை குறைந்தவர்களின் பசி சாதாரணப் பசி இல்லை என்றும் விளக்கினார். நான் பிறகு தேடிப் படித்தேன். 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்து எடை குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்துச் சோதித்தபோதும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுதலாகவும், "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைவாகவும்தான் இருந்தன. போன கொழுப்பை உடம்பு நஷ்டக் கணக்கில் எழுதி வைத்துக்கொண்டு வசூலுக்கு அலைகிறது. இதை முன்னாடியே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்தப் பதினொரு பிஸ்கட்டுக்காக ஒரு வாரம் என்னை நானே திட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

இனி எது தப்பித்தது என்று பார்ப்போம். மாத்திரைக் காலத்தில் நான் ஆரம்பித்தவற்றில், பசி குறைவாக இருப்பதை நம்பி நின்ற எதுவும் தேறவில்லை. நேரத்தையும் இடத்தையும் பிடித்துக்கொண்டு நின்றவை அப்படியே இருந்தன. இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு இருபது நிமிஷம் நடப்பது, அதில் ஒன்று. பசிக்கிறதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, தட்டைக் கழுவி வைத்தால் கால் தானாகச் செருப்பைத் தேடும். காலையில் முட்டையோ பயறோ ஏதாவது புரதம் இல்லாமல் நாளை ஆரம்பிப்பதில்லை என்பது இன்னொன்று. திங்களும் வியாழனும் பல் தேய்த்த உடனே எடை பார்த்து, கண்ணாடிப் பக்கத்தில் தொங்கும் தாளில் எழுதுவது. தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பதினைந்து தடவை எழுந்து உட்காருவது. இந்தக் கடைசி ஒன்றைச் சும்மா விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன், ஆனால் எடை குறையும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து போகிறது என்பதால் தசைக்கு ஏதாவது வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு, இப்போது டம்பெல் வரை வந்திருக்கிறது.

எப்போது தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் மாத்திரை போடுகிற அன்றைக்கே. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள், 2009-இல் இணையத்தில் வெளிவந்தது. புதிதாக ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற அளவுக்குப் படிய எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். நடுத்தரமாக 66 நாள், ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. தண்ணீர் குடிப்பது மாதிரி எளிதானவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி மெதுவாக. 12 வாரம் என்றால் 84 நாள். முதல் நாளே தொடங்கினால் மாத்திரை முடிவதற்குள் ஓரிரண்டு பழக்கமாவது படிந்துவிட வாய்ப்பு உண்டு. நானோ "முதலில் கொஞ்சம் குறையட்டும், உடம்பு லேசானதும் நடக்கலாம்" என்று நாலு வாரத்தைத் தின்றுவிட்டேன், எனக்கு மிஞ்சியது 56 நாள். அதே ஆய்வில் இன்னொரு நல்ல செய்தியும் இருந்தது, நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் குடிமுழுகிவிடுவதில்லை.

ஒரே நேரத்தில் ஏழெட்டைப் பிடிக்காதீர்கள். இரண்டு போதும், மூன்று அதிகம். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அகோரப் பசியில் இருக்கும்போதும் இதைச் செய்ய முடியுமா? "குறைவாகச் சாப்பிடுவேன்" அந்தக் கேள்வியில் தோற்றுவிடும். "வீட்டில் பிஸ்கட் டப்பா வைக்க மாட்டேன்" ஜெயித்துவிடும், ஏனென்றால் அதைக் கடையில் நிற்கும்போதே செய்து முடித்துவிடலாம், அதுவும் வயிறு நிறைந்திருக்கும்போது போனால் இன்னும் சுலபம்.

மாத்திரையும் வேண்டும், பழக்கமும் வேண்டுமா, ஏதாவது ஒன்று போதாதா என்று இன்னும் சந்தேகம் இருந்தால், 2005-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வைச் சொல்கிறேன். 224 பேர், ஒரு வருடம். சிபுட்ரமின் என்ற மாத்திரை மட்டும் எடுத்தவர்கள் சராசரியாக 5 கிலோ குறைந்தார்கள். மாத்திரை இல்லாமல், உணவு, நடை, தினக் குறிப்பு என்று குழுவாகப் பயிற்சி பெற்றவர்கள் 6.7 கிலோ. இரண்டும் சேர்ந்தவர்கள் 12.1 கிலோ. மாரடைப்பு, பக்கவாத அபாயம் தெரியவந்து 2010-இல் அந்த சிபுட்ரமினையே சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் கதைதான் சொன்னதாக ஆகும். எடைக் குறைப்பு மருந்துகளில் இது முதல் தடவையும் இல்லை, ஃபென்டர்மினோடு சேர்த்துக் கொடுத்துவந்த ஃபென்ஃப்ளூரமின் இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997-லேயே விலக்கப்பட்டது. டாக்டர் என் பிரஷரை மாதா மாதம் பார்த்தது சும்மா சடங்குக்கு இல்லை.

எடை குறைக்கப் போடும் இப்போதைய ஊசிகளிலும் இதே கதைதான், அளவுதான் பெரிது. செமாகுளூடைடு என்ற ஊசி பற்றிய பெரிய ஆய்வு ஒன்றில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் போல எடை குறைந்தது, ஊசியை நிறுத்தி ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. டென்மார்க்கில் நடந்த இன்னோர் ஆய்வில், லிராகுளூடைடு ஊசி மட்டும் போட்டவர்களையும் ஊசியோடு முறையாக உடற்பயிற்சி செய்தவர்களையும் எல்லாம் நிறுத்தி ஒரு வருடம் கழித்து ஒப்பிட்டார்கள், உடற்பயிற்சி செய்தவர்கள்தான் குறைந்த எடையைத் தக்கவைத்திருந்தார்கள். இதை வைத்துக்கொண்டு, ஊசியையோ மாத்திரையையோ நீண்ட காலம் எடுக்கச் சொல்லியிருக்கும் ஒருவரிடம் போய் "உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். பிரஷருக்கு மாத்திரை எடுப்பவரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. என் நிலைமைக்குக் குறுகிய காலம் போதும் என்று என் டாக்டர் நினைத்தார், உங்கள் நிலைமை வேறாக இருக்கலாம், அதை அவரிடமே வெளிப்படையாகக் கேளுங்கள்.

இன்னும் ஒன்று. மாத்திரைக் காலத்தில் பசி இல்லையே என்று சாப்பாட்டைத் தவிர்த்துவிடாதீர்கள். நான் ஒரு வாரம் மதியச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தேன், தராசு முள் வேகமாக இறங்கியது, படியேறும்போது முழங்கால் நடுங்கியது. மிக வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பும் கூடுகிறது. நேரத்துக்கு உட்கார்ந்து கொஞ்சமாவது சாப்பிடுங்கள், அந்த நேரங்கள்தான் பிற்பாடு உங்களைப் பிடித்து நிறுத்தும்.

நிறுத்தப் போகும் தேதியை இன்றைக்கே காலண்டரில் குறித்துவிடுங்கள். அதற்குப் பத்து நாள் தள்ளி டாக்டரைப் பார்க்க நேரமும் வாங்கி வையுங்கள், எல்லோரும் நிறுத்துவதற்கு முன்னால்தான் போய்ப் பார்க்கிறார்கள். நான் அப்படிக் குறித்து வைக்கவில்லை. ஒன்பதாவது நாள் வந்த பசியைப் பற்றி அவரிடம் சொல்லப் போனபோது இரண்டு மாதம் ஓடிப்போயிருந்தது, தராசு 89 காட்டியது.