டர்பனில் வாடகை வீடு: கேள்வி பதில்

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வேலைக்கு வந்தவர்கள் கேளுங்கள். பேட்டை, அட்வான்ஸ், ஒப்பந்தம், வீட்டின் நிலை பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன். விசாவும் வரியும் என் துறை அல்ல. தொடங்கும் முன் ஒன்று: வீட்டுக்குள் நின்று பார்க்காமல் ஒரு ராண்ட்கூட அனுப்பாதீர்கள்.

கேள்வி: உம்லாங்காவில் மென்பொருள் வேலை கிடைத்திருக்கிறது. சாட்ஸ்வொர்த்தில் தமிழர்கள் நிறைய இருக்கிறார்களாமே, அங்கே பார்க்கலாமா அண்ணா?

நிறைய இருக்கிறார்கள். ஆனால் சாட்ஸ்வொர்த் நகரத்தின் தெற்குப் பக்கம், உம்லாங்கா வடக்குப் பக்கம். காலையும் மாலையும் என்2 நெடுஞ்சாலையில் ஊரையே கடக்கவேண்டும். உம்லாங்கா, லா லூசியா ரிட்ஜ் பக்கம் வேலை என்றால் ஃபீனிக்ஸ், மவுண்ட் எட்ஜ்கோம்ப், இன்னும் வடக்கே வெருலம் பாருங்கள். அங்கேயும் தமிழர் உண்டு, கோவில் உண்டு. ஆர்.கே. கான் மருத்துவமனையில் வேலை என்றால் சாட்ஸ்வொர்த் சரி. நகர மையத்தில் வேலை, பல மொழிக்காரர்களோடு கலந்து வாழ விருப்பம் என்றால் ஓவர்போர்ட், சிட்னம்.

இன்னொன்று. 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இந்த ஊர்த் தமிழர்கள். வீட்டுப் பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ் கோவிலிலும் தேவாரத்திலும் இருக்கிறது. தமிழில் பதில் வரவில்லை என்று யாரையும் குறைத்துப் பேசிவிடாதீர்கள். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இவர்கள் ‘போரிட்ஜ் பிரேயர்’ என்பார்கள். அழைத்தால் தூக்குவாளியோடு போங்கள். அக்கம்பக்கம் பழக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கேள்வி: வீட்டுக்காரர் இரண்டு மாத அட்வான்ஸ் கேட்கிறார். அது திரும்பி வருமா?

சென்னையைப் போலப் பத்து மாதம் கேட்பது இங்கே வழக்கமில்லை. ஒன்று அல்லது இரண்டு மாதம்தான். திரும்ப வருமா என்பது நீங்கள் நுழையும் நாளில் செய்வதைப் பொறுத்தது.

1999-ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டப்படி அந்தப் பணத்தை வட்டி வரும் கணக்கில் போட்டு வைக்கவேண்டும். வட்டி உங்களுடையது. குடிபுகும் முன் வீட்டுக்காரரும் நீங்களும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, இருக்கும் குறைகளை எழுதி ஒப்பந்தத்தோடு இணைக்கவேண்டும். காலி செய்யும்போதும் ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் அதேபோல் சேர்ந்து பார்க்கவேண்டும். வீட்டுக்காரர் இந்தப் பரிசோதனையைச் செய்யத் தவறினால் வீடு நல்ல நிலையில் இருந்ததாக அவரே ஒப்புக்கொண்டதாகச் சட்டம் கொள்ளும். முழுப் பணத்தையும் வட்டியோடு தரவேண்டும். இந்த விதி பெரும்பாலானோருக்குத் தெரியாததால்தான் பணம் போகிறது.

பாக்கி எதுவும் இல்லையென்றால் 7 நாளில் பணம் வரவேண்டும். பழுதுக்குப் பிடித்தம் உண்டென்றால், வீட்டை அவரிடம் ஒப்படைத்ததிலிருந்து 14 நாள். செலவு ரசீதுகளை நீங்கள் கேட்டுப் பார்க்கலாம். கடைசிப் பரிசோதனைக்கு வராமல் போனவர் நீங்கள் என்றால் அவருக்கு 21 நாள் அவகாசம். ஆகவே அந்த நாளில் ஊருக்கு விமானம் ஏறிவிடாதீர்கள்.

நுழையும் நாளில் படம் எடுக்கவேண்டியவை: ஒவ்வொரு அறையின் கூரை மூலைகள், சமையல் மேடைக்கு அடியிலுள்ள அலமாரியின் உட்புறம், அடுப்பின் ஓவன் உள்ளே, குளியலறை ஓடுகளின் இடைவெளி, ஜன்னல் கொக்கிகள், கேட் ரிமோட், மின் மீட்டர் எண். எடுத்த அன்றே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். உங்கள் கைபேசியில் மட்டும் கிடந்தால் தேதி பற்றிச் சண்டை வரும்.

கேள்வி: வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாராம். முன்பணம் கட்டினால் சாவி கூரியரில் வரும் என்கிறார்.

மோசடி. கட்டாதீர்கள்.

கேள்வி: ஏஜெண்ட் உண்மையானவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழைக் கேளுங்கள். அது இல்லாமல் ஏஜெண்ட் தொழில் செய்யக்கூடாது. சொத்து முகவர் ஒழுங்குமுறை ஆணையத்திடம் பெயரைச் சரிபார்க்கலாம். சான்றிதழைக் காட்டத் தயங்குபவரிடம் மேலே பேசவேண்டாம்.

கேள்வி: வடக்குப் பார்த்த வீடு, தெற்குப் பார்த்த வீடு இரண்டும் ஒரே வாடகை. வாஸ்துப்படி எது நல்லது ஐயா?

வாஸ்துத் தீர்ப்பு சொல்ல நான் தகுதியானவன் அல்ல. வெயில் கணக்கு சொல்கிறேன்.

டர்பன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறக்குறைய 30 பாகையில் இருக்கிறது. நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்குப் பக்கமே நிற்கும். ஜூன் மாதத்தில் நண்பகல் உயரம் சுமார் 37 பாகைதான். வடக்கு ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 2 மீட்டர் என்றால், குளிர்கால வெயில் அறைக்குள் இரண்டரை மீட்டருக்கு மேல் வந்து விழும். டிசம்பரில் சூரியன் கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடுவதால் அதே ஜன்னலில் நண்பகல் வெயில் அநேகமாக நுழையாது. குளிரில் சூடு, கோடையில் நிழல். விளம்பரத்தில் ‘நார்த் ஃபேஸிங்’ என்று பெருமையாகப் போடுவது இதனால்தான்.

தெற்குச் சுவருக்குக் குளிர்காலத்தில் வெயிலே இல்லை. கடலோர ஈரம் சேர்ந்தால் அலமாரிக்குப் பின்னால் கருப்புப் பூஞ்சை பிடிக்கும். பட்டுப்புடவையும் தோல் செருப்பும் முதலில் போகும். மழையோடு வரும் குளிர்காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும், அந்தப் பக்க ஜன்னல் சட்டத்தில் தண்ணீர்க் கறை இருக்கிறதா பாருங்கள். ஒரே ஒரு சுவர் மட்டும் புதுப் பெயிண்ட் என்றால் அலமாரியை நகர்த்தச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பேசவேண்டும்.

(இன்னொருவர்): அப்படியானால் தென்கோளத்தில் வாஸ்துவையே தலைகீழாகத் திருப்பவேண்டுமல்லவா? குபேர மூலை தெற்கே போகுமா?

(வேறொருவர்): திசைக்கு அதிபதி திசைக்குத்தான். இந்திரன் கிழக்கு, எமன் தெற்கு. வெயிலை வைத்து தெய்வத்தை மாற்றுவீர்களா?

இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தை. கிழக்கு மாறவில்லை. இங்கேயும் சூரியன் கிழக்கே கடலிலிருந்துதான் எழுகிறது, கிழக்கு வாசல் வேண்டுவோருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும் என்பதால் கிழக்குப் படுக்கையறைக்குக் கனத்த திரை வேண்டும், அவ்வளவுதான். மாறுவது வடக்கும் தெற்கும் தரும் வெயில். நம் ஊரில் வடக்குப் பக்கம் குளிர்ச்சி, இங்கே வெதுவெதுப்பு. வடக்கு வாசல் நல்லது என்பவருக்கும் வெயில் பார்ப்பவருக்கும் ஒரே வீடு பிடித்துப்போகும். சண்டைக்கு இடமே இல்லை.

(முன்னவர்): தென்கிழக்கு அக்னி மூலையில் சமையலறை என்பதும் காற்றை வைத்துச் சொன்னதுதானே? அதையும் மாற்றலாமே?

காற்றை வைத்துப் பேசினால், இங்கே முக்கியமான காற்று இரண்டு: வடகிழக்கு, தென்மேற்கு. சமையலறைக்கு எதிரெதிரே இரண்டு திறப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தாளிக்கும் புகை வெளியே போனால் எந்த மூலையும் நல்ல மூலை. வாடகை வீட்டில் அடுப்பை நகர்த்த முடியாது. இத்தோடு வாஸ்துவை நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: சாட்ஸ்வொர்த் பாதுகாப்பானதா?
கேள்வி: ஃபீனிக்ஸ் பாதுகாப்பானதா?
கேள்வி: குடும்பத்தோடு வருகிறோம், எந்தப் பேட்டை பாதுகாப்பு?

மூவருக்கும் சேர்த்து. பேட்டைக்கு ஒரே பதில் கிடையாது, தெருவுக்குத் தெரு மாறும். பகலில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை போங்கள். பக்கத்து வீட்டு ஆண்ட்டியிடம் கேளுங்கள், ஏஜெண்டிடம் அல்ல. ஜன்னல் கம்பியும் முன்கதவு இரும்பு கேட்டும் உள்ளனவா, கார் தெருவில் நிற்காமல் உள்ளே போகுமா, பாருங்கள்.

சரிவில் கட்டிய வீடு என்றால் பின்னாலுள்ள தாங்கு சுவரையும் பாருங்கள். குறுக்கே விரிசல், வெளியே சாய்வு, தண்ணீர் வடியும் துளைகள் அடைப்பு, மூன்றில் எது இருந்தாலும் வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சரிவுகள் இடிந்து வீடுகள் போயின. பாதுகாப்பு என்றால் திருடன் மட்டும் இல்லை.

கேள்வி: அவுட்பில்டிங்கில் (பெரிய வீட்டின் வளாகத்துக்குள் உள்ள தனிச் சிறு வீடு) இருக்கிறோம், இரண்டே பேர். பிரீபெய்டு யூனிட் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது.

முதல் சந்தேகம் கீஸர். 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 7 யூனிட் ஆகும். 3 கிலோவாட் ஹீட்டர் என்றால் இரண்டேகால் மணி நேரம். குளிக்கும் முன் போட்டு, பிறகு மின்பலகையில் அணையுங்கள்.

இரண்டாவது சந்தேகம் மீட்டர். உங்கள் பலகையின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டர் விளக்கைப் பத்து நிமிடம் பாருங்கள். இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தால் வேறு யாரோ உங்கள் மீட்டரில் தொங்குகிறார்கள். காணொளி எடுத்து வைத்து எழுத்தில் கேளுங்கள். வயரில் நீங்கள் கைவைக்கவேண்டாம்.

புதிதாக வீடு பார்ப்பவர்களுக்கு: 2024 நவம்பர் 24-க்குள் பிரீபெய்டு மீட்டர்களைப் புதுப்பிக்கவேண்டியிருந்தது. புதுப்பிக்காத மீட்டர் புது டோக்கனை (மின்சாரத்துக்குப் பணம் கட்டினால் கிடைக்கும் எண்) ஏற்காது. கையெழுத்திடும் முன் ஒரு சிறிய தொகைக்கு டோக்கன் வாங்கி, அந்த 20 இலக்கத்தையும் உங்கள் கண்முன்னே அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வாடகை ஒரு வாரம் தாமதம். வீட்டுக்காரர் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டையும் மாற்றுவேன் என்கிறார்.

நீதிமன்ற ஆணை இல்லாமல் இரண்டையும் செய்யக்கூடாது. வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுங்கள், கட்டணம் இல்லை. வாடகைப் பாக்கியையும் உடனே கட்டுங்கள்.

கேள்வி: அட்வான்ஸ் திரும்பி வருமா அண்ணா?

மேலே முழுதாக எழுதியிருக்கிறேன். சேர்ந்து பார்த்து, எழுதி, கையெழுத்து.

கேள்வி: 12 மாத ஒப்பந்தம். ஐந்தாவது மாதத்தில் கம்பெனி கேப் டவுனுக்கு மாற்றிவிட்டது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி 20 வேலை நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்து விலகலாம். வீட்டுக்காரர் நியாயமான ஈட்டுத்தொகை கேட்கலாம். மிச்ச ஏழு மாத வாடகை முழுவதும் நியாயம் ஆகாது. ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விடுபவருக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்பதில் வாதம் உண்டு. ஆகவே அடுத்த ஒப்பந்தத்தில் இடமாற்றத்துக்கென்று ஒரு விதியை நீங்களே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்?

கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கும், விண்ணப்பம் முந்தைய ஆண்டே. மற்றதைப் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும், முகவரிச் சான்றுக்கு வேண்டும். வங்கியும் அதையே கேட்கும்.

கேள்வி: ஊரிலிருந்து மிக்ஸி, கிரைண்டர் கொண்டுவரலாமா அண்ணா?

தாராளமாக. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம் ஊர் போலவே. இங்குள்ள வழக்கமான சாக்கெட் நம் ஊர்ப் பெரிய 15 ஆம்பியர் மூன்று முள் பிளக்கின் அளவு. மிக்ஸியின் சிறிய பிளக் அதில் நிற்காது. பிளக்கை வெட்டி இங்குள்ளதை மாட்டுங்கள், அடாப்டர் தளர்ந்து சூடாகும். பச்சைக் கம்பி மேல் முள்ளுக்கு.