கடனை ஒழுங்குபடுத்தும் திட்டம்: தொடங்கலாமா, வேண்டாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கணவர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். நான் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். பெற்றோல், மா, விறகுச் செலவு போக இருவருக்கும் மாதம் 70,000 ரூபா வரும். வீட்டுச் செலவு 48,000. இரண்டு நுண்கடன் இருக்கிறது. ஒன்றுக்குக் கிழமைக்கு 2,400 ரூபா, இன்னும் 62,000 கட்ட வேண்டும். மற்றதற்குக் கிழமைக்கு 1,900, மிச்சம் 45,000. ஓட்டோ லீசிங் மாதம் 18,500, இன்னும் 20 மாதம். வங்கியில் இரண்டு பவுண் காப்பு 180,000 ரூபாவுக்கு அடகில். ஊரில் ஒருவரிடம் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டிக்கு 50,000 வாங்கியிருக்கிறோம். காணி உறுதியை வைத்தால் 350,000 தருகிறோம், லீசிங் தவிர எல்லாவற்றையும் அடைத்துவிட்டு மாதம் 10,900 வீதம் 60 மாதம் கட்டுங்கள் என்கிறது ஒரு கம்பனி. தெரிந்த ஒருவரோ, கடன் தந்த எல்லோரிடமும் பேசித் தவணையைக் குறைத்து ஒரு திட்டம் போடச் சொல்கிறார். எதைச் செய்வது?
– வாசகி, செட்டிபாளையம்

பதில்: சகோதரி, உறுதியை வெளியே எடுக்க வேண்டாம். திட்டம் போடுங்கள். ஏன் என்பதை உங்கள் கணக்கை வைத்தே பார்ப்போம்.

வீட்டுச் செலவு போக மிஞ்சுவது 22,000. இரண்டு நுண்கடனுக்கும் கிழமைக்கு 4,300. ஆண்டின் 52 கிழமைகளை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ஏறத்தாழ 18,630 (நான்கு கிழமை என்று கணக்குப் போட்டால் 17,200 என்று வரும், பலர் துண்டுவிழுவது இந்த இடத்தில்தான்). லீசிங் 18,500, ஊர் வட்டி 5,000. மொத்தம் 42,130. மாதந்தோறும் 20,000 ரூபா பற்றாது. அடகு வட்டி இதில் சேரவே இல்லை.

இப்போது கம்பனியின் கடன். மாதம் 10,900 உடன் லீசிங் 18,500 சேர்ந்தால் 29,400. உங்களிடம் இருப்பது 22,000. உறுதியைக் கொடுத்த பிறகும் மாதம் 7,400 குறைகிறது! அதோடு 350,000 வாங்கி 654,000 திருப்பிக் கொடுக்கிறீர்கள். நுண்கடன் இரண்டும் இப்போதைய தவணைப்படி இன்னும் 26 கிழமைக்குள் முடிபவை. அரை வருடத்தில் தீரும் கடனை ஐந்து வருடக் கடனாக்கி, அதற்கு வீட்டுக் காணியைப் பிணை வைப்பது எந்த வகையிலும் சரிவராது. நுண்கடனைக் கட்டத் தவறினால் வாசலில் ஆள் வந்து நிற்பார். உறுதிக் கடனைக் கட்டத் தவறினால் வாசலே போய்விடும்.

திட்டம் போடும்போது எல்லாக் கடனையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கட்டாவிட்டால் எது போகும் என்று பார்த்து வரிசைப்படுத்துங்கள்.

முதலில் லீசிங். ஓட்டோ போனால் அன்றே வருமானம் நின்றுவிடும், மற்ற எந்தக் கணக்கும் ஓடாது. தவணை தவறுவதற்கு முன்பே கிளை முகாமையாளரைச் சந்தித்து, மீதி 20 மாதத்தை 36 மாதமாக்கித் தரும்படி கேளுங்கள். வட்டி ஆண்டுக்கு 24 வீதம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 11,900 ஆகும். மொத்தத்தில் ஏறத்தாழ 57,000 ரூபா கூடக் கட்டுவீர்கள். அது உண்மையான செலவுதான். ஆனால் மாதம் 6,600 கையில் நிற்கும். புதிய ஒப்பந்தத்தில் மறுசீரமைப்புக் கட்டணம் எவ்வளவு, பழைய தாமத வட்டியை முதலோடு சேர்த்துவிட்டார்களா என்ற இரண்டையும் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்தது ஊர் வட்டி. பத்து மாதம் கட்டினால் முதலுக்குச் சமமான காசு போய்விடும், முதல் அப்படியே இருக்கும். இதைத் தவணை போட்டு இழுக்கக் கூடாது, ஒரேயடியாக முடிக்க வேண்டும். அதற்கு வழி அந்தக் காப்பு. வங்கி முழுப் பெறுமதிக்கும் அடகு கொடுப்பதில்லை. வைத்த பிறகு தங்கம் விலை ஏறியிருந்தால் இடைவெளி இன்னும் கூடும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இரண்டு மூன்று கடைகளில் இன்றைய விலையைக் கேளுங்கள். முதலையும் வட்டியையும் கட்டி மீட்டு விற்ற பிறகு 50,000க்கு மேல் மிஞ்சுமானால் விற்றுவிடுங்கள். நகையை விற்பது மனதுக்குக் கஷ்டம்தான். ஆனால் தவணை தாண்டி வங்கி ஏலத்தில் போடுவதைவிட நீங்களே விலை பேசி விற்பது நல்லது. காசைக் கொடுக்கும்போது, கையெழுத்து வைத்துக் கொடுத்த கடன் சீட்டைத் திருப்பி வாங்காமல் எழும்ப வேண்டாம்.

கொடுத்தவர் கூடுதலாகக் கேட்டால் இரண்டு விஷயம் தெரிந்திருக்கட்டும். நிலுவை வட்டி முதலை விஞ்சக் கூடாது என்பது 1852ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். 1918ஆம் ஆண்டின் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டப்படி, கடன் சீட்டில் உண்மையில் கொடுத்த முதல், முன்கூட்டிக் கழித்த தொகை, வட்டி வீதம் மூன்றும் தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் சீட்டுக்கு இவை எப்படிப் பொருந்தும் என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணியிடம் காட்டிக் கேளுங்கள்.

கடைசியில் நுண்கடன். 22,000இல் லீசிங் 11,900 போக 10,100 இருக்கும். அதையும் முழுக்கக் கொடுத்துவிட வேண்டாம். 1,600 வரை கையில் வைத்துவிட்டு மிச்சத்தை நிலுவையின் அளவுக்கு ஏற்பப் பிரியுங்கள்: 62,000க்குக் கிழமைக்கு 1,130, 45,000க்குக் கிழமைக்கு 820. புதிதாக வட்டி ஏற்றாவிட்டால் இரண்டும் 55 கிழமையில் முடியும். எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் பிரித்த கணக்கைக் காட்டினால், “அவனுக்கு மட்டும் கட்டுகிறாய்” என்ற சண்டை வராது.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். ஒரு பக்கக் கடிதம் போதும்: கடன் இலக்கம், மிச்சத் தொகை, வருமானம், செலவு, கட்டக்கூடிய கிழமைத் தொகை, தொடங்கும் திகதி, முடியும் திகதி. தாமத வட்டியை நிறுத்தும்படியும், சம்மதத்தைக் கடிதத்தில் தரும்படியும் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பிரதியோடு குத்தி வையுங்கள். தவணை வசூலிக்க வரும் தம்பியிடம் வாயால் சொல்வது எங்கும் பதிவாகாது. அவருக்குத் தவணையைக் குறைக்கும் அதிகாரமும் இல்லை. குழுக்கடன் என்றால், நீங்கள் விட்ட தவணை மற்ற உறுப்பினர் தலையில் விழும். கடிதம் போடும் முன்பே குழுத் தலைவியிடம் கணக்கைக் காட்டிவிடுங்கள். அவர்களுக்குக் கூட்டத்தில்தான் தெரியவந்தால் பகைதான் மிஞ்சும்.

ஒரு நிறுவனம் சம்மதிக்காவிட்டாலும் எழுதிய தொகையைத் தவறாமல் அதன் கணக்கில் வைப்புச் செய்யுங்கள். கையில் கொடுத்தால் புத்தகத்தில் பதிந்து ஒப்பம் வாங்குங்கள்.

இப்படியான திட்டங்கள் குலைவது பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளால். அந்த 48,000இல் ஓட்டோவின் வருமான வரிப்பத்திரம், காப்புறுதி, டயர் இருக்கிறதா? பிள்ளைகளின் பாடசாலைச் சாமான், கோயில் திருவிழா? இல்லையென்றால் வருடத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்துச் சேருங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் ஹயர் (வாடகை ஓட்டம்) குறையும், வெள்ளம் வந்தால் சில நாள் ஓடவே முடியாது. அந்த இரண்டு மாதமும் அரைத் தவணை என்று கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். பிறகு கேட்டால் அது தவறிய தவணை, முன்பே கேட்டால் திட்டத்தின் பகுதி.

திட்டத்துக்கு விலையும் உண்டு. மறுசீரமைத்த கடன், எல்லோருடைய கடன் விபரத்தையும் பதிந்து வைக்கும் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் தெரியும். அடுத்த கடன் எடுப்பது கடினமாகும். இப்போதைக்கு அது உங்களுக்கு நல்லதுதான் என்பது எங்கள் எண்ணம். திட்டம் முடியும்வரை புதுக் கடன் ஒன்றும் வேண்டாம், யாருக்கும் பிணை நிற்கவும் வேண்டாம். நுண்கடனில் “வட்டி 24 வீதம்தான்” என்பார்கள். ஒரு இலட்சத்துக்கு 24,000 சேர்த்து 52 கிழமைக்குப் பிரித்தால், குறைந்துவரும் நிலுவையின் மேல் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 44 வீதம்.

ஒன்று நிச்சயம்: கடன் கட்ட முடியாமல் போவது மட்டும் குற்றமல்ல, அதற்காகப் பொலிஸ் பிடிக்காது. ஆனால் கணக்கில் காசில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டப்படி குற்றம். யார் நெருக்கினாலும் வெற்றுக் காசோலையோ, வெற்றுத் தாளில் கையெழுத்தோ, வங்கி அட்டையோ கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஐந்து ஏக்கர் வயல் செய்கிறேன். மாதத் தவணைக் கடன் எடுத்து நான்கு மாதம் நிலுவை. தவணையைப் பாதியாக்கினால் கட்டலாமா என்று யோசிக்கிறேன்.
– வாசகர், நாவிதன்வெளி

பதில்: பாதியாக்கினாலும் நிலுவை விழும். உங்களுக்குக் காசு வருவது பெரும்போக அறுவடையிலும் சிறுபோக அறுவடையிலும் மட்டும்தான், இடையில் பசளைக்கும் உழவுக்கும் செலவுதான். இங்கே பிழைத்தது தவணையின் அளவல்ல, காலம். மாதம் வட்டியை மட்டும் கட்டி, முதலைப் போகத்துக்கு ஒன்றாக இரண்டு தவணையில், அறுவடை முடிந்து ஒரு மாதத்தின் பின் கட்டும்படி மாற்றித் தரக் கேளுங்கள். கமநல சேவை நிலையத்தில் காணி அளவுக்குப் பதிவு எடுத்து, கடந்த போகங்களில் நெல் விற்ற பற்றுச்சீட்டுகளையும் இணையுங்கள்.

நெல்லைக் களத்திலேயே குறைந்த விலைக்குக் கொடுப்பதாகச் சொல்லி வியாபாரியிடம் முற்பணம் வாங்கியிருந்தால், அந்த விலைக் குறைவும் வட்டிதான். மூட்டைக்கு எவ்வளவு இழக்கிறீர்கள் என்று பெருக்கிப் பார்த்து, அதையும் கடன் பட்டியலில் எழுதுங்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கும் தம்பி ஒரு அமைப்பின் மூலம் எல்லாக் கடனுக்கும் சேர்த்து மாதம் ஒரு தொகை கட்டுகிறார். இங்கேயும் 15,000 ரூபா முன்பணம் கட்டினால் கடனைப் பாதியாக்கித் தருவோம் என்று முகநூலில் ஒரு விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா?
– வாசகி, ஆரையம்பதி

பதில்: வேண்டாம் அம்மா. தம்பியின் ஏற்பாடு வேறு. அங்கே கடனட்டை, தனிநபர் கடன் போன்ற பிணையில்லாக் கடன்களுக்குத்தான் அது. வீட்டுக் கடனும் வாடகையும் வெளியே நிற்கும். இலவசமாகச் செய்து தரும் தொண்டு நிறுவனங்கள் அங்கே உண்டு. கடன் கொடுத்தவர் வட்டியை நிறுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 முதல், தகுதியுள்ளவர்களுக்கு, கடன் கொடுத்தவரின் அறவிடும் நடவடிக்கையை 60 நாள் நிறுத்திவைக்கும் சட்டப்படியான அவகாசம் தனியாக இருக்கிறது. இவை எதுவும் இலங்கைக் கடனைக் கட்டுப்படுத்தாது.

இங்கே உங்கள் கடனைக் குறைக்கும் அதிகாரம் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே உண்டு. அதனுடன் பேசக் காசு தேவையில்லை. முன்பணம் கேட்பவர் “நிறுவனத்துக்குக் கட்டாமல் எங்களிடம் கட்டுங்கள்” என்றும் சொல்வார். அந்த மாதங்களில் தாமத வட்டி உங்கள் பெயரில் ஏறிக்கொண்டே இருக்கும்.

நிறுவனம் பேச மறுத்தால், அல்லது ஆட்களை அனுப்பி மிரட்டினால், முதலில் அதன் தலைமை அலுவலகத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால், அது மத்திய வங்கியின் உரிமம் பெற்ற நிறுவனமா என்று பார்த்து, மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழையுங்கள். வந்தவரின் பெயர், நாள், நேரம், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் அன்றன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். உரிமம் இல்லாதவர் வீட்டுக்குள் நுழைந்து மிரட்டினால் அது பொலிஸ் முறைப்பாடு. முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொண்டு வாருங்கள்.