மார்க்காவுக்குப் போகலாம், இந்த ஏழு நாள் அட்டவணையில் வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 56. திருச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. இரத்த அழுத்தத்திற்கு நாள்தோறும் ஆம்லோடிபின் 5 மி.கி. எடுத்துக்கொள்கிறேன், அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. செப்டம்பரில் லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கு நடைப்பயணத்துக்கு என் மகள் ஓர் இணையவழி முகவரிடம் எங்கள் இருவருக்கும் முன்பணம் கட்டியிருக்கிறாள். முதல் நாள் விமானத்தில் லே. இரண்டாம் நாள் காலையில் காரில் சில்லிங் சென்று ஸ்கியு வரை நடை. அடுத்தடுத்த இரவுகள் மார்க்கா, ஹன்கர், நிமாலிங். ஆறாம் நாள் கோங்மாரு லா கணவாயைக் கடந்து ஷாங் சும்தோ வழியாக லே. ஏழாம் நாள் திரும்பும் விமானம். "ஸ்கியு லேயைவிடத் தாழ்வான இடம், ஆக்ஸிஜனும் கையில் இருக்கும், மருத்துவச் சான்றிதழை மட்டும் அனுப்பிவிடுங்கள்" என்கிறார் முகவர். என் வயதுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இது ஒத்துவருமா? மலைநோயைத் தடுக்கும் டையமாக்ஸ் மாத்திரை அவசியமா?

பதில்: உங்கள் வயதும் இரத்த அழுத்தமும் இந்தப் பயணத்துக்குத் தடையல்ல, முகவர் அனுப்பிய அட்டவணைதான் தடை. கட்டுக்குள் இருக்கும் இரத்த அழுத்தத்தோடு மார்க்காவை நடந்து முடித்தவர்கள் பலர். உயரத்தில் வரும் மலைநோய் ஐம்பத்தாறு வயதுக்காரரைத் தேடிப் பிடிப்பதுமில்லை, நாள்தோறும் உடற்பயிற்சி செய்யும் இருபத்தைந்து வயதுக்காரரை விட்டுவைப்பதுமில்லை. உங்களுக்கு நான் சொல்லும் ஆலோசனை உங்கள் மகளுக்கும் அப்படியே பொருந்தும். அவரை நினைத்து நான் சற்றுக் கூடுதலாகவே கவலைப்படுகிறேன், ஏனெனில் தலைவலித்தாலும் சொல்லாமல் நடப்பது இளையவர்களின் வழக்கம்.

லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 5,100 மீட்டருக்கு மேல் இருக்கும் கோங்மாரு லாவில் அது பாதியைச் சற்றே தாண்டும். மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டம் இறங்கினால் குழாயில் தண்ணீர் மெலிந்து வருவதைப்போல, மூச்சு இழுக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே போகும் ஆக்ஸிஜன் குறைகிறது. உடல் இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் அதற்குச் சில நாட்கள் வேண்டும். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை விமானம் தரையிறங்கியதும் தெரிவதில்லை. பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அதாவது முதல் நாள் மாலையிலோ இரவிலோதான் தொடங்குகின்றன. தில்லியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்து இறங்கியவர் பகல் முழுவதும் "எனக்கு ஒன்றுமே ஆகவில்லை" என்று கடைத்தெருவில் சுற்றிவிட்டு, நள்ளிரவில் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவதை லேயில் பணியாற்றிய இரண்டு கோடைக்காலங்களில் நான் சலிக்கச் சலிக்கப் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் மறுநாள் காலை உங்களைக் காரில் ஏற்றிச் சில்லிங்கில் இறக்கி நடக்கச் சொல்கிறது இந்த அட்டவணை.

"ஸ்கியு லேயைவிடத் தாழ்வு" என்பது உண்மைதான். ஆனால் அந்த உண்மையைச் சொல்பவர் நிமாலிங்கைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஸ்கியுவிலிருந்து மார்க்கா, மார்க்காவிலிருந்து ஹன்கர் என்று பள்ளத்தாக்கு மெல்லத்தான் ஏறுகிறது. ஹன்கரே ஏறத்தாழ 4,000 மீட்டர்தான். அங்கிருந்து ஒரே நாளில் 4,800 மீட்டர் உயரத்திலுள்ள நிமாலிங் மேய்ச்சல்வெளிக்குப் போய்ப் படுத்தால், உறங்கும் உயரம் ஒரே இரவில் 800 மீட்டர் கூடிவிடுகிறது. 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பதும், ஆயிரம் மீட்டருக்கு ஒருமுறை கூடுதல் இரவு தங்க வேண்டும் என்பதும் மலை மருத்துவத்தில் நாங்கள் கைக்கொள்ளும் விதி.

ஆகவே அட்டவணையை இப்படி மாற்றச் சொல்லுங்கள். லேயில் மூன்று இரவுகள். முதல் நாள் அறையைவிட்டு நகரவே வேண்டாம். நம்க்யால் த்செமோ குன்றுக் கோயிலும் அரண்மனையும் எங்கும் போய்விடா. மூன்றாம் நாள் திக்சே மடாலயத்தின் படிகளை மெல்ல ஏறிப் பாருங்கள். அதன்பின் ஸ்கியு, மார்க்கா, ஹன்கர். ஸ்கியுவிலிருந்து மார்க்கா ஏறத்தாழ 20 கிலோமீட்டர் என்பதால் இடையில் சாரா என்னும் சிற்றூரில் ஓர் இரவு தங்கினாலும் நல்லதே. மார்க்காவுக்கும் ஹன்கருக்கும் இடையே செங்குத்தான பாறை முகட்டில் தாச்சா மடாலயம் இருக்கிறது. களைப்பில்லை என்றால் அங்கே ஏறிப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பகலில் உயரம் தொட்டு இரவில் தாழ்வாகத் தூங்குவதைவிட நல்ல பயிற்சி உடலுக்கு இல்லை. ஹன்கருக்கு அடுத்த இரவை நிமாலிங்கில் அல்லாமல் ஏறத்தாழ 4,200 மீட்டரிலுள்ள தாச்சுங்ட்சேயில் கழியுங்கள். அங்கிருந்து நிமாலிங்குக்கும் விதியைவிடச் சற்று அதிகமாகவே ஏற வேண்டியிருப்பதால், இலேசான தலைவலி இருந்தாலும் தாச்சுங்ட்சேயிலேயே இன்னோர் இரவு. முகவர் இதற்கு முகம் சுளிப்பார். தாச்சுங்ட்சேயில் ஊர் இல்லை, வீடுகளில் தங்க முடியாது, கூடாரமும் சமையல் சாமானும் குதிரையில் ஏற்றிவர வேண்டும் என்பதே அவருடைய உண்மையான சிக்கல். அதை அவர் "வழக்கமில்லை" என்று சொல்வார்.

இந்த மூன்று இரவு விதிக்கு ஒரேயொரு விலக்கு உண்டு. அதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்வதால் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். ஸ்ரீநகரிலிருந்து சாலை வழியாக வருபவருக்கு லேயில் இரண்டு இரவுகள் போதும். ஆனால் "சாலை வழியாக" என்றால், ஸ்ரீநகரில் விடியற்காலையில் டாக்சி ஏறி இரவுக்குள் லேயில் இறங்குவதல்ல. வழியில் தூங்கி வருவது. கார்கிலில் ஓர் இரவும், மடாலயத்துக்குப் பெயர்பெற்ற லாமாயுருவில் ஓர் இரவும் தங்கி வந்தால் விலக்கு பொருந்தும். லாமாயுருவும் ஏறத்தாழ லேயின் உயரமே என்பதால் அங்கே தூங்கிய இரவு கணக்கில் சேரும். கார்கிலில் மட்டும் தங்கினால் அரைகுறையாகத்தான் பொருந்தும், ஏனெனில் அது 2,700 மீட்டர் அளவிலேயே இருக்கிறது. அப்படி வந்தவர்களையும் நான் மூன்றாம் இரவு தங்கத்தான் சொல்வேன். மணாலி வழி இந்த விலக்கில் அடங்காது. அங்கே பலர் முதல் இரவையே ஏறத்தாழ 4,300 மீட்டரிலுள்ள சர்ச்சுவில் கழித்து, விமானத்தில் வந்தவரைவிட மோசமான நிலையில் லே வந்து சேர்கிறார்கள். போன ஆண்டு சிக்கிம் போயிருந்தேன், கயிலாயம் போயிருந்தேன் என்பதும் விலக்காகாது. பழக்கம் சில வாரங்களில் உடலைவிட்டுப் போய்விடும்.

டையமாக்ஸைப் பொறுத்தவரை, விமானத்தில் நேரடியாக 3,500 மீட்டரில் இறங்கும் உங்களுக்கு நான் பரிந்துரைப்பேன். அசெட்டசோலமைடு 125 மி.கி., அதாவது கடைகளில் கிடைக்கும் 250 மி.கி. மாத்திரையில் பாதி, காலையும் இரவும். விமானம் ஏறுவதற்கு முந்தைய நாள் தொடங்க வேண்டும். விரல் நுனிகள் மரத்துப்போகும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா கலந்த பானங்கள் சப்பென்று இருக்கும், பயப்பட வேண்டாம். மாத்திரை நோய் அறிகுறிகளை மறைத்துவிடும் என்பது வெறும் வதந்தி. அது உடல் பழகுவதை விரைவுபடுத்துகிறது. எனினும் மாத்திரை போட்டுவிட்டதால் இரவுகளைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எண்ணக்கூடாது. சல்ஃபா மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். ஆம்லோடிபினை நிறுத்தாதீர்கள். முதல் சில நாட்களில் இரத்த அழுத்தம் சற்று ஏறலாம். அதைக் கண்டு தாமாகவே மாத்திரையை இரட்டிப்பாக்குவது ஆபத்து.

இனி முகவரின் சரக்குகள். அவர் கேட்கும் மருத்துவச் சான்றிதழ் உங்களைக் காப்பதற்கானதல்ல, அவரைக் காப்பதற்கானது. பத்து வரிப் படிவத்தில் இரத்த அழுத்தத்தை அளக்காமலே கையெழுத்திட்டுத் தரும் மருத்துவர்கள் எந்த ஊரிலும் இருக்கிறார்கள், என் தொழிலுக்கே இது வெட்கம். அந்தத் தாளில் மலைநோய் வருமா வராதா என்று கூற எந்தச் சோதனையும் கிடையாது. "கையில் ஆக்ஸிஜன்" என்பது பெரும்பாலும் கொசு மருந்து டப்பா போன்ற ஒரு புட்டி. 10 லிட்டர் என்று அச்சிட்டிருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் கொடுத்தால் ஐந்தே நிமிடத்தில் தீர்ந்துபோகும் புட்டியை நம்பி மலையேறச் சொல்கிறார்கள். "பழகுவதற்காக" என்று இரண்டாம் நாளே கர்துங் லாவுக்குக் காரில் கூட்டிப்போவதாகவும் சேர்த்து விற்பார்கள். 5,300 மீட்டருக்கு மேலுள்ள அந்தக் கணவாய் இரண்டாம் நாளுக்கானதே அல்ல. எல்லையோரப் பகுதிகளுக்குப் போக வாங்கும் "உள்கோட்டு அனுமதி" என்று ஒரு தொகை பில்லில் இருந்தால், மார்க்காவுக்கு அந்த அனுமதியே தேவையில்லை என்று சொல்லி அடிக்கச் சொல்லுங்கள். அந்தப் பள்ளத்தாக்கு ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் பூங்காக் கட்டணம் மட்டும் நியாயமானது.

நிமாலிங்கில் ஒரு பொறி இருக்கிறது; இதை மகளிடமும் படித்துக் காட்டுங்கள். அங்கே ஒருவருக்கு இரவில் மூச்சுவாங்கத் தொடங்கினால், வண்டி கணவாய்க்கு அப்பால் காத்திருக்கிறது என்பதால், "நானூறு மீட்டர் ஏறிவிட்டால் அப்புறம் முழுக்க இறக்கம்தான்" என்று வழிகாட்டி ஆசைகாட்டுவார். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுவதும் இருமலும் நுரையீரலில் நீர் கோப்பதன் அடையாளங்கள். அந்த நிலையில் மேலே ஏறும் ஒவ்வொரு அடியும் உயிருக்கு உலை. வந்த வழியே, இருட்டாயினும், குதிரை கிடைத்தால் குதிரையில், தாச்சுங்ட்சேக்கும் ஹன்கருக்கும் இறங்க வேண்டும். தலைவலியோடு தடுமாற்றமும் தெரிந்தால் தரையில் ஒரு கோடு கிழித்து, ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தொடுமாறு பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். கோட்டைவிட்டு விலகினால் மூளையில் வீக்கம் என்றே கொள்ள வேண்டும். இதற்கு விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், குளிர்ந்த விரலில் அது எதையாவது காட்டும்.

உதவிக்கு அழைப்பதும் எளிதல்ல. வெளிமாநிலப் பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு லேயில் பேசும், பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் பேசாது. செயற்கைக்கோள் தொலைபேசியை அரசின் அனுமதியின்றித் தனிநபர் வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம். இராணுவத்தின் அல்லது விமானப்படையின் ஹெலிகாப்டர் வர வேண்டுமானால் நிர்வாகம் கேட்டாக வேண்டும். நிர்வாகத்துக்குச் செய்தி போக யாராவது ஒருவர் அலைபேசி எடுக்கும் இடத்துக்கு நடந்தாக வேண்டும். லேயில் இறங்கியதும் நாற்பத்தெட்டு மணி நேரம் ஓய்வெடுங்கள் என்று அரசு அறிவுறுத்துகிறது, ஆனால் அந்த நாற்பத்தெட்டு மணி நேரத்தையே மறந்த பயணத் திட்டங்களை இணையத்தில் பகிரங்கமாக விற்பவர்களை எவரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. அறிவிப்புப் பலகை எழுதுவதோடு தங்கள் கடமை முடிந்தது என்று நினைப்பவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

முகவருக்கு இன்றே எழுத்தில் கேளுங்கள்: லேயில் மூன்று இரவு, தாச்சுங்ட்சேயில் கூடாரம், திரும்பும் விமானத்துக்கு முன் ஒரு நாள் இடைவெளி, நோயினால் பாதியில் இறங்கினால் வழிகாட்டியும் குதிரையும் உங்களோடு வருவது. ஏழு நாள் பதினொன்று, பன்னிரண்டு நாளாகும். அதற்கான கூடுதல் தொகை நியாயமே. தொலைபேசியில் சொல்கிறேன் என்றால் விடாதீர்கள். மறுத்தால் முன்பணத்தை இழந்தாலும் விலகிவிடுங்கள். லேயில் அந்த மூன்று நாள் ஓய்வின்போதே உள்ளூர் வழிகாட்டி ஒருவரை நேரில் பார்த்துப் பேசி அமர்த்த முடியும். ஸ்கியு முதல் ஹன்கர் வரை ஊர்மக்களின் வீடுகளிலேயே படுக்கையும் துக்பா என்னும் சூடான நூடுல்ஸ் சூப்பும் கிடைக்கும்.