யமஹா ஆர்6 போன்ற 600 சிசி மோட்டார் சைக்கிள்கள் பந்தயத்தில் ஏன் இவ்வளவு வென்றன?

கேள்வி கேட்ட தம்பி இரண்டு விடயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். 200 குதிரைவலு தரும் 1000 சிசி வண்டிகள் இருக்கும்போது, அதில் பாதியைச் சற்றே தாண்டும் 600 சிசி வண்டிகளைப் பந்தயம் தெரிந்தவர்கள் ஏன் இவ்வளவு மதிக்கிறார்கள் என்பது முதலாவது. திருகோணமலையில் பழைய ஆர்6 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, அதை வாங்கலாமா என்பது இரண்டாவது. நான் சில வருடங்கள் டோஹாவில் மோட்டார் சைக்கிள் திருத்தும் வேலை செய்துவிட்டு, இப்போது உப்புவெளியில் சிறிய கராஜ் ஒன்று வைத்திருக்கிறேன். இந்த வகை எஞ்சின்களைக் கையால் பிரித்துப் பூட்டியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

இந்த வண்டிகள் வீதிக்காகச் செய்யப்பட்டு, பிறகு பந்தயத்துக்குத் திருத்தப்பட்டவை அல்ல. முதலில் பந்தய விதி வந்தது. அந்த விதிக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்த்து வண்டியை வரைந்தார்கள். சுப்பர்ஸ்போர்ட் போட்டித் தொடர் 1997இல் தொடங்கி 1999இல் உலக சாம்பியன் பட்டத் தொடராக உயர்ந்தபோது, நான்கு சிலிண்டர் என்றால் 600 சிசி, இரண்டு சிலிண்டர் என்றால் 750 சிசி என்று மேல் எல்லைகள் இருந்தன; மூன்று சிலிண்டருக்கு 675 சிசி என்ற எல்லை பின்னர் வந்தது. கடையில் விற்கும் வண்டியையே ஓட்ட வேண்டும் என்பதும், எஞ்சினுக்குள் செய்யக்கூடிய மாற்றங்கள் மிகவும் குறைவு என்பதும் அதே விதியின் மறுபக்கம். அப்படியானால் தொழிற்சாலை வாசலைத் தாண்டும்போதே எந்த வண்டி பந்தய வண்டிக்கு மிக நெருக்கமாக இருக்கிறதோ அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். 599 சிசி என்ற எண் அந்த 600 எல்லைக்குள் ஒட்டி நிற்பது அதனால்தான்.

டோஹாவில் ஒரு நாள் 2008 ஆம் ஆண்டு மாதிரி ஆர்6 ஒன்றின் பிஸ்டனை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோதுதான் இது எனக்கு உண்மையில் விளங்கியது. பால்ரின் ஒன்றை அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் வெட்டியெடுத்தது போல, அது அகலமும் குட்டையுமாக இருந்தது. அந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 67 மில்லிமீற்றர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 42.5 மில்லிமீற்றர் மாத்திரமே. எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு நிற்கும் 97 சிசி ஹீரோ ஸ்பிளெண்டரின் பிஸ்டன் 49.5 மில்லிமீற்றர் ஓடுகிறது. அதாவது ஒரு சிலிண்டரை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒன்றரை மடங்கு கொள்ளளவு உள்ள ஆர்6இன் பிஸ்டன், ஸ்பிளெண்டரின் பிஸ்டனைவிட ஏழு மில்லிமீற்றர் குறைவாகத்தான் ஓடுகிறது.

இந்த ஏழு மில்லிமீற்றரில் பந்தய வெற்றியின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. வலு என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது. கொள்ளளவை விதி கட்டிப்போட்டுவிட்டதால் முறுக்குவிசையைப் பெரிதாக உயர்த்த வழியில்லை. மிஞ்சியிருப்பது எஞ்சினை இன்னும் வேகமாகச் சுழற்றுவது ஒன்றுதான். நிமிடத்துக்கு 16,000 சுற்றில் ஆர்6இன் பிஸ்டன் சராசரியாக விநாடிக்கு 22 மீற்றருக்குச் சற்று அதிகமான வேகத்தில் ஓடுகிறது. ஸ்பிளெண்டரின் நீளமான ஓட்டத்தை வைத்துக்கொண்டு அதே சுற்றுக்குப் போனால் அந்த வேகம் 26 மீற்றரைத் தாண்டிவிடும். பிஸ்டன் வளையங்களும் இணைப்புத் தண்டும் அதை நெடுநேரம் தாங்கமாட்டா. விட்டம் அகலமானதால் பெரிய வால்வுகளுக்கும் இடம் கிடைக்கிறது. அந்த வால்வுகள் டைற்றேனியத்தில் செய்யப்பட்டவை. எடை குறைந்தவை என்பதால் அந்த வேகத்திலும் பிந்தாமல் மூடுகின்றன.

இங்கே என்னை மிகவும் வியக்க வைத்த செய்தி வேறொன்று. ஹொண்டாவின் சிபிஆர்600ஆர்ஆர், சுசுகியின் ஜிஎஸ்எக்ஸ்-ஆர்600, கவாசாகியின் 599 சிசி இசட்எக்ஸ்-6ஆர், யமஹாவின் ஆர்6 ஆகிய நான்கும் ஒரு கட்டத்தில் அதே 67 பெருக்கல் 42.5 என்ற அளவுக்கே வந்து சேர்ந்தன. ஒன்றோடொன்று கடும் போட்டியில் இருந்த நான்கு நிறுவனங்களின் பொறியியலாளர்கள் ஒரே விதியைத் தனித்தனியே தீர்த்துப் பார்த்து ஒரே விடையை எழுதியிருக்கிறார்கள். அதே கவாசாகி வீதிக்கென 636 சிசி வண்டியைச் செய்தபோது விட்டத்தைத் தொடாமல் ஓட்டத்தை 45.1 மில்லிமீற்றராக நீட்டியது. விதி இல்லாத இடத்தில் கீழ்ச்சுற்று இழுவையைத்தான் தேடியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் எஞ்சினை மட்டும் வைத்து இந்தக் கேள்வியை முடித்துவிட முடியாது. 2017 ஆம் ஆண்டு கட்டாரின் லொசைல் ஓடுதளத்தில் நடந்த சுப்பர்ஸ்போர்ட் தொடரின் இறுதிப் போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். ஆர்6 ஓட்டிய லூக்கா மயியாஸ் என்ற பிரெஞ்சு வீரர் அந்த இரவில் உலகப் பட்டத்தை உறுதிசெய்தார். லொசைலின் நேர்ப்பாதை ஒரு கிலோமீற்றருக்கும் மேல். அங்கே தனி வகுப்பில் ஓடிய 1000 சிசி வண்டிகளின் பாய்ச்சலுக்கு 600 ஈடுகொடுக்க முடியாது. வளைவுகளில்தான் கதை மாறியது. 1000 சிசி ஓட்டுநர் வளைவுக்குள் வேகத்தை நன்றாகக் குறைத்து, வண்டியை நிமிர்த்தி, பிறகே பெற்றோலைத் திறக்கிறார். முன்னதாகத் திறந்தால் பின்சில்லு வழுக்கும். 600 ஓட்டுநரோ வேகத்தை உள்ளேயே கொண்டுபோய், வண்டி இன்னும் சரிந்திருக்கும்போதே திறந்துவிடுகிறார். வளைவில் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதை ரயரின் பிடிப்பும் வளைவின் ஆரையும் தீர்மானிக்கின்றன, குதிரைவலு அல்ல. ஆகவேதான் வலுவில் பெரும் வித்தியாசம் இருந்தும் ஒரு சுற்று நேரத்தில் வித்தியாசம் சில விநாடிகளோடு நின்றுவிடுகிறது.

வண்டியின் இலேசும் இங்கே உதவுகிறது. பின் ரயர் 180 மில்லிமீற்றர் அகலம். 1000 சிசி வண்டிகளில் அது 190 அல்லது 200. அகலம் கூடினால் அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க வண்டியை இன்னும் சற்றுக் கூடுதலாகச் சரிக்க வேண்டும். 2006 ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து ஆர்6இல் வந்த வழுக்கும் கிளச்சையும் குறிப்பிட வேண்டும்: பிறேக்கை அழுத்தியபடி இரண்டு மூன்று கியரைக் கீழே தட்டும்போது எஞ்சின் பின்சில்லைப் பிடித்து இழுத்துத் துள்ளவிடாமல், கிளச் தானே சிறிது வழுக்கிக் கொடுக்கிறது. வளைவின் வாசலில் வண்டி அமைதியாக இருந்தால்தான் ஓட்டுநர் துணிந்து உள்ளே நுழைவார்.

ரயரைக் காப்பாற்றுவதும் வெற்றிதான். அமெரிக்காவின் டேட்டோனா 200 பந்தயத்தில், 31 பாகை சரிந்த மதில் போன்ற பாதையில் பெரிய வண்டிகளின் ரயர்கள் தாங்குமா என்ற கவலை வளர்ந்து, 2005இல் அந்தப் பெரும் பந்தயத்தையே 600 சிசி வகுப்புக்கு மாற்றினார்கள். பின்னர் ஆர்6 அங்கே பல தடவை வென்றது. 2014இல் மூன்று சிலிண்டர் கொண்ட டிரையம்ப் டேட்டோனா 675 வென்றது.

சுப்பர்ஸ்போர்ட் உலக சாம்பியன்களின் பட்டியலைப் பார்த்தால் வெற்றி ஒரே நிறுவனத்திடம் நிலைத்து நிற்கவில்லை. 2002 முதல் 2008 வரை ஏழு வருடங்களும் ஹொண்டா ஓட்டியவர்களே உலக சாம்பியன்கள். துருக்கியின் கெனான் சோபுவோலு ஹொண்டாவில் இரண்டு, கவாசாகியில் மூன்று என ஐந்து பட்டங்கள் எடுத்தார். நல்ல ஓட்டுநருக்கு எந்த 600உம் பொருந்தும் என்று அவரைக் காட்டியே சொல்லலாம். 2017 முதல் 2022 வரை ஆறு வருடங்களும் ஆர்6 வென்றது. இந்த ஆறு வருட வெற்றியை வண்டியின் மேன்மை என்று மட்டும் சொல்வது நேர்மையாகாது என்பது என் கருத்து. புகை விதிகள் இறுகியதால் மற்ற நிறுவனங்கள் 600க்குச் செலவழிப்பதைக் குறைத்தன. ஹொண்டா ஐரோப்பாவில் அதை விற்பதையே சில வருடங்கள் நிறுத்தியது. யமஹா மாத்திரம் 2017இல் தனது 1000 சிசி வண்டியான ஆர்1இன் முன் போர்க்கையும் (முன்சில்லைத் தாங்கும் இரட்டைக் குழாய்) பிறேக்கையும் கொடுத்து ஆர்6ஐப் புதுப்பித்தது. எஞ்சினின் அடிப்படை 2006இலிருந்து மாறாததால், எந்தத் தளத்தில் எந்தப் பற்சக்கரம், எந்தச் சுருள்வில், எத்தனை பந்தயத்துக்கு ஒருமுறை வால்வு இடைவெளியை அளப்பது என்ற அறிவு அணிகளிடம் பத்து வருடத்துக்கு மேலாகச் சேர்ந்திருந்தது. புதிய அணி ஒன்று காசு கொடுத்து ஒரு பருவத்தில் வாங்கக்கூடிய அறிவல்ல அது. திருத்துநராக நான் இதைத்தான் குதிரைவலுவுக்கு மேலே வைப்பேன்.

இந்த எஞ்சின்களின் உறுதிக்கு, மோட்டோஜிபிக்கு அடுத்த உலகப் பந்தய வகுப்பான மோட்டோ2 சாட்சி. 2010 முதல் 2018 வரை அந்த வகுப்பின் அத்தனை வீரர்களும் சிபிஆர்600ஆர்ஆர் எஞ்சினை அடிப்படையாகக் கொண்ட ஒரே வகை எஞ்சினையே ஓட்டினார்கள். 2019இலிருந்து டிரையம்பின் 765 சிசி எஞ்சின் அந்த இடத்துக்கு வந்தது.

இன்று நிலை மாறிவிட்டது. 2022இல் சுப்பர்ஸ்போர்ட் விதி திறக்கப்பட்டு, 955 சிசி டுகாட்டி போன்றவையும் வலுவைச் சமப்படுத்தும் கட்டுப்பாடுகளோடு உள்ளே வந்தன. 2023, 2024 பட்டங்களை டுகாட்டி எடுத்தது. யமஹாவும் 890 சிசி மூன்று சிலிண்டர் ஆர்9 வண்டியைக் கொண்டுவந்து 2025இல் பட்டத்தை மீட்டது. விதி மாறியவுடன் வண்டியின் உருவமும் மாறியதைக் கவனியுங்கள்.

இனி அந்தப் பழைய ஆர்6. தம்பி, பந்தயத்தில் அதை வெல்ல வைத்த ஒவ்வொன்றும் எங்கள் வீதியில் உங்களுக்கு எதிராக நிற்கும். முதலாம் கியரிலேயே அது மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டும்; நிலாவெளி வீதியில் மாடு குறுக்கே வரும் வேகங்களில் எஞ்சின் 5,000 சுற்றைச் சுற்றியே உறங்கிக் கிடக்கும். 13.1க்கு 1 என்ற அமுக்க விகிதத்துக்கு 95 ஒக்டேன் பெற்றோல் வேண்டும். எல்லாப் பெற்றோல் செட்டிலும் அது எப்போதும் இருக்காது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பேருந்து நிலையப் பக்கம் நெரிசலில் ஐந்து நிமிடம் நின்றால், குளிர்விக்கும் விசிறி ஓயாமல் சுழல்வதையும் தொடைகள் வேகுவதையும் உணர்வீர்கள்.

அப்படியிருந்தும் ஆசை விடவில்லை என்றால், வால்வு இடைவெளி கடைசியாக எப்போது அளக்கப்பட்டது என்று உரிமையாளரிடம் கேளுங்கள். ரேடியேற்றரின் தகடுகளையும் முன் போர்க் குழாய்களையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடற்காற்று முதலில் கைவைப்பது அங்கேதான். குழாயில் விரலை ஓட்டும்போது உப்புப் புள்ளி தட்டுப்பட்டால், விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். எல்லாம் நன்றாக இருந்தால் உப்புவெளிக்குக் கொண்டுவாருங்கள்; பணம் கொடுப்பதற்கு முன் நான் இலவசமாகவே திறந்து பார்த்துச் சொல்கிறேன்.